பெட்டி ஏன் கத்தவில்லை?

காலை ஒன்பதரை மணிக்கு மேஸ்திரியின் உடல் பட்டறை வாசலில் கிடந்தது. மேலே போர்த்த வேறெதுவும் அகப்படாமல், பழைய நாற்காலிகளைத் தூசு படாமல் மூடிவைக்கும் பழுப்புத் துணியை யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். துணி நீளம் போதவில்லை. முழங்காலுக்குக் கீழே கால்கள் வெளியே தெரிந்தன, இடது காலில் செருப்பு இல்லை.

பெட்டிக்காரம்மா ஸ்கூட்டரை நிறுத்தக்கூட மறந்து, அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவளைப் பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நிஜத்தில் அவள் ஓர் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி. பட்டறை முதலாளிக்குக் கூடப்பிறந்த தங்கை. ஆனால் அவள் செய்து சுவரில் மாட்டிய அந்தச் சின்னப் பெட்டிக்கு முன்னால் படிப்பும் பட்டமும் யாருக்குத் தெரிகிறது? பெட்டி கொண்டுவந்தவள் பெட்டிக்காரம்மா, அவ்வளவுதான்.

அது பழைய மரச்சாமான்களைப் புதுசாக்கும் பட்டறை. பழைய பெயிண்டை உரிப்பதற்கென்று உள்ளே தனி அறை, அதில் ஆளை முக்கும் அளவுக்கு ஒரு தொட்டி, தொட்டி நிறைய உரிக்கும் திரவம். அதற்கு ஆயிரம் பெயர் இருந்தாலும் அங்கே எல்லோருக்கும் அது 'மருந்து'. லேசாக இனிப்பு வாசம் அடிக்கும். அதன் ஆவி கொஞ்சம் ஏறினால் தலை சுற்றும். இன்னும் ஏறினால் ஆள் இருந்த இடத்திலேயே மடங்கி விழ வேண்டியதுதான். பொல்லாத விஷயம் என்னவென்றால் மூக்கு அந்த வாசத்துக்குச் சீக்கிரம் பழகிப்போகும். அப்புறம் எவ்வளவு இருக்கிறது என்று அதற்கே தெரியாது.

அதனால்தான் பெட்டி. உள்ளே பிளாஸ்டிக் தாள் மேல் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு கரிமப் படலம். அந்தப் படலத்தின் வழியாகத்தான் டிரான்சிஸ்டரில் மின்சாரம் ஓடும். மருந்தின் ஆவி வந்து படலத்தில் உட்கார்ந்தால் ஓட்டம் தடுமாறிக் குறையும். குறைந்த அளவைப் பெட்டி எண்ணாக மாற்றிக் காட்டும். காற்று சுத்தமென்றால் பூஜ்ஜியம், பச்சை விளக்கு. ஆவி ஏறினால் எண் ஏறும், சிவப்பு விளக்கு எரியும், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி பெட்டி கத்தும்.

அன்றைக்கு அது கத்தவில்லை. மேஸ்திரி உரிக்கும் அறையில் செத்துக் கிடந்தார்.

"மேடம், நீங்கதானா பெட்டி செஞ்சது?" இன்ஸ்பெக்டர் கேட்டார். மூக்கடைப்புக் குரல். நெற்றியில் ஏதோ தைலத்தைப் பளபளவென்று தடவியிருந்தார்.

"ஆமா சார்."

"வாங்க. தொடாம பாருங்க."

உரிக்கும் அறையில் ஜன்னல் மேலிருந்த பெரிய ஃபேன் ஆவியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. தொட்டியின் மூடி மூடியிருந்தது. சுவரில் பெட்டி. விளக்கு எதுவும் எரியவில்லை, எண் வர வேண்டிய இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள் மட்டும். 'என்னால் அளக்க முடியவில்லை' என்று பெட்டி கையை விரிக்கும்போது காட்டும் அடையாளம் அது. படலம் செத்துப்போனாலும் கோடுதான் வரும். போலீஸ் புகைப்படக்காரர் அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

முதலில் பார்த்தது அவளுடைய அண்ணன். பட்டறையின் பின்பக்கத்தை ஒட்டித்தான் அவர் வீடு. எட்டு மணிக்கு மேல்தான் முன்வாசல் வழியாக வந்ததாகவும், உள்ளே போய்ப் பார்த்தால் மேஸ்திரி விழுந்து கிடந்ததாகவும், வாசல் வரை தானே இழுத்து வந்ததாகவும் அவர் இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருந்தார். தங்கை பக்கத்தில் நிற்கும்போது இன்னொரு தடவையும் சொன்னார்.

"ஃபேன் ஓடிட்டிருந்துச்சு சார். தொட்டி மூடிதான் இருந்துச்சு. பெட்டியைப் பாத்தேன், பச்சை லைட்டு எரிஞ்சுது, ஜீரோன்னு காட்டுச்சு. எல்லாம் சரியாத்தானே இருக்கு, இவர் ஏன் விழுந்தாருன்னு எனக்கு ஒண்ணுமே புரியல."

"அப்ப மூடுறதுக்கு முன்னாடியே ஆவி ஏறியிருக்கணும். பெட்டி கண்டுக்கல," என்றார் இன்ஸ்பெக்டர்.

அண்ணன் தங்கையின் தோளில் கை வைத்தார். "விடு பாப்பா. மெஷின்னா பழுதாகத்தான் செய்யும். உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நான் பாத்துக்கிறேன்."

அந்த ஆறுதல்தான் அவளை உடைத்துப் போட்டது. யாராவது திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

எதிர்வரிசையில் சலவைக் கடை வைத்திருக்கும் அம்மா சொன்னது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது. காலையில் பெட்டி கத்தியதாம். மேஸ்திரி வழக்கம்போல வெளியே வந்து நின்றாராம். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றதும் மறுபடி உள்ளே போனாராம். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். கத்துகிறது, நிற்கிறது, அப்புறம் கத்த வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்கவில்லை. பெட்டி கோளாறு என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல வேண்டும்?

பட்டறையில் மீதமிருந்த ஒரே ஆள் பாலிஷ்காரர். அவர் போலீஸ் வந்த பிறகுதான் வந்தார். கதவோரம் நின்று எட்டிப் பார்த்து, "ரெண்டு கோடுதான் தெரிஞ்சுது, எனக்கு அந்தப் பெட்டியைப் பத்தி எதுவும் தெரியாது," என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அவருக்கும் மேஸ்திரிக்கும் பேச்சுவார்த்தை நின்று நாளாகிறது. ஏதோ ஒரு அலமாரிக்கு யார் கீறல் விழவைத்தது என்கிற சண்டை.

மறுநாள் அவள் மேஸ்திரி வீட்டுக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை, போன பிறகு வாசலைத் தாண்டவும் முடியவில்லை. மேஸ்திரியின் மனைவி தையல்காரி. மெஷினில் ஒரு சட்டை பாதியில் நின்றிருந்தது, ஒரு கை மட்டும் தைத்த சட்டை. சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

அந்தம்மா அழவில்லை. அழுது முடித்திருந்தாள். "ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க," என்றாள். "அது ஏன் கத்தல?"

மின்சாரம், படலம், ஈரப்பதம் என்று பெட்டிக்காரம்மாவுக்குத் தெரிந்த நூறு காரணத்தில் ஒன்றைக்கூட அந்த வீட்டு வாசலில் வைத்துச் சொல்ல முடியவில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். பாதி வழியில் ஸ்கூட்டரை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதாள். நான் கொன்றுவிட்டேன் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் போன பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எப்படிக் கொன்றேன் என்றாவது தெரிய வேண்டும் என்று தோன்றியது. இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். பெட்டி உங்கள் கையிலேயே இருக்கட்டும், யாரும் எந்தப் பட்டனையும் தொட வேண்டாம், ஆய்வுக்கூடத்துக்கு எடுத்து வாருங்கள், உங்கள் கண் முன்னாலேயே சோதிக்கிறேன் என்றாள். தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ள இவ்வளவு அவசரப்படும் ஆளை அவர் இதுவரைக்கும் பார்த்ததில்லை போலிருக்கிறது. சரி என்றார்.

சோதனை மேசையில் இரண்டு பெட்டிகள். ஒன்று பட்டறைப் பெட்டி, விளக்கில்லாமல் இரண்டு கோடு. இன்னொன்று ஆய்வுக்கூடத்தில் நல்ல நிலையில் இருந்தது, பச்சை விளக்கு, பூஜ்ஜியம். நன்றாகப் பார்க்கலாமென்று இன்ஸ்பெக்டர் குனிந்ததுதான் தாமதம், ஆய்வுக்கூடப் பெட்டி வீல் என்று கத்தியது.

"என்னைக் கண்டு எதுக்குக் கத்துது?"

"உங்க தைலம் சார். அந்த ஓரமா நில்லுங்க."

அவர் நெற்றியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, வகுப்பில் தண்டனை வாங்கியவர் மாதிரி சுவரோரம் போய் நின்றார். சத்தம் உடனே நின்றுவிடவில்லை. விடாமல் கத்தியது இடைவெளி விட்டுக் கத்தத் தொடங்கியது, இடைவெளி நீண்டது, ஒலி மெலிந்தது, கடைசியில்தான் ஓய்ந்தது. படலத்தில் ஏறி உட்கார்ந்த ஆவி இறங்கிப் போக நேரமெடுக்கும் என்று அவள் விளக்கினாள். பட்டறைப் பெட்டி இவ்வளவுக்கும் அசையவில்லை.

"செத்த பெட்டி," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். இரண்டு பெட்டியையும் ஒரு பெரிய கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, பஞ்சில் ஒரு சொட்டு மருந்தை விட்டு உள்ளே தள்ளினாள். ஆய்வுக்கூடப் பெட்டி கத்தியது. மற்றது கோடு. இன்னும் சில சொட்டு. கோடுதான். நிறுத்திவிடலாம் என்றிருந்தது அவளுக்கு. ஆனாலும் ஒரு ஆள் மயங்கி விழுகிற அளவு வரைக்கும் போய்ப் பார்த்தாக வேண்டும் என்று விட்டுக்கொண்டே போனாள்.

திடீரென்று கோடு மறைந்தது. பட்டறைப் பெட்டியில் பூஜ்ஜியம் வந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

ஜாடிக்குள் ஒன்று தொண்டை கிழியக் கத்துகிறது, பக்கத்திலேயே இன்னொன்று 'காற்று சுத்தம்' என்று பச்சை விளக்கு காட்டுகிறது. இன்ஸ்பெக்டர் சுவரோரத்திலிருந்து தன்னையறியாமல் இரண்டடி முன்னே வந்துவிட்டார்.

"இது சாகல சார்," என்றாள் அவள். குரல் எங்கிருந்தோ வந்தது. "இதோட பூஜ்ஜியம் தப்பா இருக்கு."

உட்கார்ந்து விளக்கினாள். இந்தப் படலம் நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். ஈரத்துக்கு மாறும், பழசானால் மாறும். அதனால் தினமும் காலையில், தொட்டியைத் திறப்பதற்கு முன்னால், ஜன்னலைத் திறந்து வைத்து, பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் இருக்கும் காற்றைப் பெட்டி சுத்தமான காற்று என்று எடுத்துக்கொள்ளும். தராசுத் தட்டில் கல்லை வைத்துக்கொண்டே முள்ளைத் திருகிப் பூஜ்ஜியத்தில் நிறுத்தினால் எப்படி? அந்தக் கல்லின் எடை அப்புறம் தெரியவே தெரியாது. கல்லை எடுத்தால் முள் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும். கீழே போனதைக் காட்ட இந்தப் பெட்டிக்கு எண் கிடையாது, விளக்கை அணைத்துவிட்டுக் கோடு போடும்.

"அப்ப யாரோ..."

"அறை முழுக்க ஆவி இருக்கும்போது யாரோ அந்தப் பட்டனை அழுத்தியிருக்காங்க. அதுக்கப்புறம் அவ்வளவு ஆவியும் இதுக்குச் சுத்தமான காத்துதான்."

சொல்லும்போதே அவளுக்குள் இன்னொன்று சுருக்கென்று தைத்தது. பட்டனுக்கு ஒரு பூட்டு வைக்கலாம் என்று ஆரம்பத்திலேயே அவளுக்குத் தோன்றியிருந்தது. பெட்டி பெரிதாகிவிடும், பார்க்க நன்றாயிருக்காது என்று விட்டுவிட்டாள். அதை இன்ஸ்பெக்டரிடம் அப்போது சொல்லவில்லை.

"மேஸ்திரியே அழுத்தியிருந்தா?" என்றார் அவர். "சத்தம் தொல்லையா இருக்குன்னு?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். மேஸ்திரி பெட்டி விஷயத்தில் படு கறார். கத்தினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார். 'பெட்டிக்காரம்மா சொல்லியிருக்காங்க' என்பார். வேலை கெடுகிறதே என்று அண்ணன்கூட அலுத்துக்கொண்டதுண்டு. ஒரு பெரிய மண்டபத்து நாற்காலிகள் மொத்தமும் இந்த வாரம் கொடுத்தாக வேண்டும், இந்த மனுஷன் நாளில் பாதி நேரம் தெருவில் நிற்கிறார் என்று. இதையெல்லாம் அவள் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். சொல்லும்போது அதில் எதையும் யோசிக்கவில்லை.

பிற்பகலில் இருவரும் சலவைக் கடைக்குப் போனார்கள். சலவைக்கடை அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. கை பாட்டுக்கு மடித்தது, வாய் பாட்டுக்குப் பேசியது.

"சத்தம் எப்படி நின்னுச்சு? கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு நின்னுச்சா?"

"இல்லம்மா. எப்பவும் அப்படித்தான் இழுத்து இழுத்து நிக்கும். அன்னிக்கு டக்குன்னு நின்னுச்சு. வெட்டி விட்ட மாதிரி."

"அப்போ மேஸ்திரி எங்க இருந்தார்?"

"இங்கதான், நீங்க நிக்கிற இடத்துல. 'நின்னுடுச்சே, இன்னிக்குக் காத்து நல்லா அடிக்குது போல'ன்னு சொல்லிட்டு உள்ள போனாரு."

ஆவி வெளியேறியதால் நின்ற சத்தமென்றால் மெலிந்துதான் நின்றிருக்கும். வெட்டிவிட்ட மாதிரி நிற்க வேண்டுமென்றால் யாராவது பட்டனை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். மேஸ்திரியோ தெருவில். முன்வாசல் வழியாக வேறு யாரும் போகவில்லை என்று சலவைக்கடை அம்மா அடித்துச் சொன்னாள். ஆக, அப்போது உள்ளே ஒரு ஆள் இருந்திருக்கிறார், பின்வாசல் வழியாக வந்திருக்கிறார்.

"பின்வாசல் சாவி யார் யார்கிட்ட இருக்கு?" இன்ஸ்பெக்டர் அவளிடம் கேட்டார்.

"அண்ணன்கிட்ட ஒண்ணு. பாலிஷ்காரர்கிட்ட ஒண்ணு."

இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. செத்தவரோடு சண்டை, கையில் சாவி, போலீஸ் வரும்வரை எங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி கிடையாது. "கூட்டிட்டு வாங்க அந்த ஆளை," என்று போனில் யாருக்கோ சொன்னார். அவளிடம் திரும்பி, இனி நிம்மதியாகத் தூங்குங்கள், உங்கள் பெட்டி மேல் தப்பில்லை என்றார்.

அவளுக்கு நிம்மதி வந்ததும் உண்மை. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கிய மாதிரிதான் இருந்தது. ஒரு ஆள் செத்திருக்கிறார், இன்னொருவர் மாட்டப்போகிறார், எனக்கு நிம்மதியா என்று அடுத்த கணமே தன் மேலேயே வெறுப்பு வந்தது. ஜீப்பில் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நீட்டிய புகைப்படங்களைச் சும்மா புரட்டினாள். வாசல். தொட்டி. ஃபேன். பெட்டி.

பெட்டிப் படத்தில் கை நின்றது. இரண்டு கோடு. விளக்கு இல்லை.

ஃபேன் ஓடி, மூடி மூடியிருந்து, அறைக் காற்று சுத்தமாக இருந்தால் இந்தப் பெட்டி கோடுதான் காட்டும். பாலிஷ்காரர் பார்த்தது கோடு. போலீஸ் பார்த்தது கோடு. அவளே பார்த்ததும் கோடு.

அண்ணன் பார்த்தது பச்சை விளக்கு, பூஜ்ஜியம்.

அவள் படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே தெரு ஓடிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்தும்போது எவ்வளவு ஆவி இருந்ததோ, ஏறக்குறைய அதே ஆவி அறையில் நிற்கும்போதுதான் அந்தப் பெட்டியில் பூஜ்ஜியம் வரும். அண்ணன் பூஜ்ஜியத்தைப் பார்த்திருக்கிறார் என்றால் ஃபேன் ஓடாதபோது பார்த்திருக்கிறார், மூடி திறந்திருந்தபோது பார்த்திருக்கிறார். பெட்டியை மாட்டிய அன்றைக்குப் பட்டன் பாடம் நடத்தியது இரண்டே பேருக்கு. மேஸ்திரிக்கும் அண்ணனுக்கும்.

அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தது அண்ணன்தான். அந்தத் தொட்டியில் குனிந்து குனிந்து, கை தோலுரிந்து, சாயங்காலம் தலைவலியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இப்படியொரு பெட்டி செய்ய வேண்டும் என்று அவள் கிளம்பியதே. இப்போது வாயைத் திறந்தால் அண்ணன் போவார். திறக்காவிட்டால் பாலிஷ்காரர் போவார். பெட்டிதான் கோளாறு, நான் ஜாடியில் காட்டியது தப்பு என்று மாற்றிச் சொன்னால் யாரும் போகமாட்டார்கள். அவள் மட்டும் ஒரு ஆளைக் கொன்றவளாக இருந்துவிட்டுப் போகலாம். அது ஒன்றும் புதிதில்லையே, இரண்டு நாளாக அப்படித்தானே இருக்கிறாள். கடைசி வழிதான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. அவ்வளவு தூரம் பிடித்துப்போனதே பயமாகவும் இருந்தது.

ஜீப் பட்டறை வாசலில் நின்றது. பாலிஷ்காரரை ஏற்கனவே கொண்டுவந்து ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். நகத்திடுக்கில் வார்னிஷ் கறையோடு இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, எதற்குக் கூப்பிட்டார்கள் என்றே புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு அவளால் முடியவில்லை.

"சார், ஒரு நிமிஷம்," என்றாள். அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீ உள்ள போனப்ப பெட்டியில என்ன தெரிஞ்சுது?"

"அதான் சொன்னேனே பாப்பா. பச்சை லைட்டு. ஜீரோ."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. கோடு ஏதாவது இருந்துச்சா?"

ஞாபகமில்லை என்று சொல்லிவிடு என்று மனசு கெஞ்சியது. அவர் சொல்லவில்லை.

"நான் என்ன குருடனா? ஜீரோதான். பச்சை பளிச்சுனு எரிஞ்சுது. அதை நம்பித்தானே..." என்றவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"அதை நம்பித்தானே மேஸ்திரி உள்ள போனாரு," என்று அவள் முடித்தாள். "சார், பட்டனை அழுத்துனது இவர்தான். எங்க அண்ணன்."

அவள் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் இன்ஸ்பெக்டரையே பார்த்துக்கொண்டு, வகுப்பெடுக்கிற குரலில், வேகமாகச் சொல்லி முடித்தாள். சுத்தமான காற்றில் இந்தப் பெட்டிக்குப் பூஜ்ஜியம் காட்டத் தெரியாது, கோடுதான் தெரியும். இவர் பார்த்தது பூஜ்ஜியம். அதனால் இவர் பார்த்தபோது அறை முழுக்க ஆவி. ஃபேன் ஓடியது, மூடி மூடியிருந்தது என்பதெல்லாம் அப்புறம் இவர் செய்தது. நீங்கள் வந்து சேரும்போது காற்று சுத்தமாகிவிட்டது, பெட்டி கோடுக்குப் போய்விட்டது. நாம் எல்லோரும் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் பெட்டி செத்துவிட்டது என்று நினைத்தோம், நான் உட்பட.

இன்ஸ்பெக்டர் புகைப்படத்தை வாங்கிப் பார்த்தார். அப்புறம் அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் மறுக்கவில்லை. அவரால் நின்றுகொண்டிருக்க முடியவில்லை. பாலிஷ்காரர் ஸ்டூலைவிட்டு எழுந்து அதை அவர் பக்கம் நகர்த்திவிட்டார்.

அவர் திக்கித் திணறிச் சொன்னதன் சாரம் இதுதான். ஃபேன் போட்டால் மருந்து வீணாக ஆவியாகிப் போகிறதென்று அவர்தான் போடக்கூடாது என்று வைத்திருந்தார். போடாவிட்டால் பெட்டி கத்துகிறது, கத்தினால் மேஸ்திரி தெருவுக்குப் போய்விடுகிறார். அன்றைக்கு வீட்டிலிருந்து சத்தம் கேட்டு எரிச்சலில் பின்வாசல் வழியாக வந்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினார், போய்விட்டார். எட்டு மணிக்குத் திரும்பி வந்தபோது மேஸ்திரி தொட்டிக்குள் குனிந்தபடி கிடந்தார்.

"நாங்கல்லாம் பெட்டி இல்லாமதானே இத்தனை வருஷம் வேலை செஞ்சோம்?" என்றார் தங்கையைப் பார்த்து. "எனக்கு ஒண்ணும் ஆகலையே. நீதான் பயந்துக்கிட்டு ரொம்பக் கத்த விட்டிருக்கேன்னு நெனச்சேன் பாப்பா. அவர் சாகணும்னு நான் நினைப்பேனா?"

"நினைக்க மாட்டே. அப்புறம் ஏன் பொய் சொன்னே?"

"பெட்டி மேல போட்டுட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு இருந்துச்சு. அது மெஷின். அதை யாரு ஜெயில்ல போடப் போறாங்க?"

"என் மேல போட்டே அண்ணா. ரெண்டு நாளா நான்தான் கொன்னேன்னு நெனச்சிட்டிருக்கேன். தோள்ல கை வச்சு விடு பாப்பான்னு சொன்னியே, அப்போகூட உனக்குச் சொல்லத் தோணலையா?"

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோலுரிந்து தழும்பேறிய அந்தக் கைகளை அவளால் பார்க்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தி, போகலாம் வாங்க என்றார். ஜீப்பில் ஏறும்போது அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவள் கையசைக்கவில்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை.

அங்கிருந்து அவள் நேராக மேஸ்திரி வீட்டுக்குத்தான் போனாள். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை.

தையல்காரி மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், தைக்கவில்லை. பெட்டிக்காரம்மா நின்றபடியே சொன்னாள். பெட்டி பழுதில்லை. அதைக் கத்தவிடாமல் செய்தது என் அண்ணன். போலீஸில் சொல்லிவிட்டேன். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். சாபம் விடவில்லை, கும்பிடவும் இல்லை.

"உள்ள போறதுக்கு முன்னாடி அந்தப் பச்சை லைட்டைப் பாத்திருப்பாரு, இல்ல?"

"பாத்திருப்பாரு."

"உங்க அண்ணனை அவரு நம்ப மாட்டாரு. ஃபேன் போட விட மாட்டேங்கிறாருன்னு தினமும் வந்து திட்டுவாரு. நம்புனது லைட்டைத்தான்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்ப உங்களை நம்பித்தான் போயிருக்காரு."

"ஆமாங்க," என்றாள் பெட்டிக்காரம்மா.

தையல்காரி பக்கத்து நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க," என்றாள். "யாரு வேணா வந்து அழுத்துற மாதிரி அந்தப் பட்டன் ஏன் இருந்துச்சு? அதைச் சொல்லுங்க."

பெட்டிக்காரம்மா உட்கார்ந்தாள். பூட்டு வைக்கலாம் என்று தனக்குத் தோன்றியதையும், பார்க்க நன்றாயிருக்காது என்று விட்டுவிட்டதையும் சொன்னாள்.